லினாக் தரச்சோதனைக்கு எந்த மென்பொருள்: எக்செல், பைலினாக், க்யூஏட்ராக் பிளஸ், விலைக்கு வாங்கும் தொகுப்புகள்

லினாக் (புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் எந்திரம்) தரச்சோதனைக்கு மென்பொருள் தேடும் மையங்கள் பெரும்பாலும் "எதில் அதிகச் சோதனைகள் இருக்கின்றன?" என்றுதான் தொடங்குகின்றன. விற்பனையாளர்களின் பட்டியலும் அதற்கேற்ப நீண்டுகொண்டே போகிறது. ஆனால் இங்கே இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. முதலாவது அளத்தல்: இபிஐடி (எந்திரத்தோடு இணைந்த பட உணரி) படத்தையோ சேம்பர் (கதிர்வீச்சை அளக்கும் கருவி) ரீடிங்கையோ வாங்கி ஓர் எண்ணைத் தருவது. இரண்டாவது பதிவு: அந்த எண்ணை யார், எந்த எந்திரத்தில், எந்த பேஸ்லைனோடு (முன்பே நிர்ணயித்த ஒப்பீட்டு அளவு) ஒப்பிட்டு எடுத்தார், வரம்பு தாண்டியபோது என்ன செய்யப்பட்டது என்பதைப் பத்தாண்டு கழித்தும் எடுத்துக் காட்டுவது. ஒரு வேலைக்கான மென்பொருளை வாங்கிவிட்டு இரண்டும் முடிந்தது என்று நினைப்பதால்தான் பல மையங்களில் பணம் வீணாகிறது. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்தப் பிரிவினையை வைத்தே.

எவ்வளவு எண்கள் சேரும் என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஏஏபிஎம் எனப்படும் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் டிஜி-142 அறிக்கை 2009இல் வந்தது. அதை நடைமுறைப்படுத்தும் விதத்தை விளக்கும் டிஜி-198 அறிக்கை 2021இல் வந்தது. அவற்றின்படி எக்ஸ்-ரே அவுட்புட் (எந்திரம் தரும் கதிர்வீச்சின் அளவு) தினசரிச் சோதனையில் 3 சதவீதத்துக்குள்ளும், மாதச் சோதனையில் 2 சதவீதத்துக்குள்ளும், ஆண்டுச் சோதனையில் 1 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். நோயாளியின் இடத்தைக் குறிக்கும் லேசருக்கு வரம்பு, ஐஎம்ஆர்டி (கதிர்வீச்சின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றித் தரும் முறை) செய்யும் எந்திரத்தில் 1.5 மிமீ, எஸ்ஆர்எஸ் (சிறு இலக்குக்கு மிகத் துல்லியமாக அதிகக் கதிர்வீச்சு தரும் முறை) செய்யும் எந்திரத்தில் 1 மிமீ. எம்எல்சிக்கு (லீஃப் எனப்படும் நகரும் உலோகத் தகடுகளால் கற்றைக்கு வடிவம் தரும் பகுதி) வாரம் ஒரு பிக்கெட் ஃபென்ஸ் (லீஃப்களை வரிசையாக நிறுத்திக் கோடுகளாகப் படமெடுக்கும் சோதனை), மாதம் ஒருமுறை நான்கு கேன்ட்ரி (நோயாளியைச் சுற்றிச் சுழலும் பகுதி) கோணங்களில் லீஃப் நிலைச் சோதனை. இரண்டு ஃபோட்டான், ஐந்து எலக்ட்ரான் ஆற்றல் உள்ள ஒரே ஒரு லினாக்குக்கே ஆண்டுக்குச் சில ஆயிரம் எண்கள் சேர்ந்துவிடும். அவை ஐம்பது கோப்புகளில் சிதறிக் கிடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

எக்செல்: செலவில்லை, ஆனால் கேட்க ஆளில்லை

பெரும்பாலான மையங்களில் இன்றும் ஓடுவது எக்செல்தான். கணக்கு கண்ணுக்குத் தெரியும், எவரும் திருத்தலாம், தனியாக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எவரும் திருத்தலாம் என்பதே அதன் ஆபத்தும். எக்செல்லில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் சத்தமில்லாதவை, எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலாவது, எண் போலத் தோன்றும் எழுத்து. ரீடிங்கைத் தட்டும்போது நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் எக்செல் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். மூன்று ரீடிங்கின் சராசரியில் ஒன்று எழுத்தாக இருந்தால், சராசரிச் சூத்திரம் பிழை எதுவும் காட்டாமல் மீதி இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒப்பிடும்போது எழுத்து எந்த எண்ணையும்விடப் பெரியது என்பது எக்செல்லின் விதி. ஆகவே "இதைவிட அதிகமானால் பாஸ்" என்று எழுதிய கட்டம் தவறான உள்ளீட்டுக்கும் பச்சை காட்டும்.

இரண்டாவது, தேதி. கோபால்ட் எந்திரம் (கதிரியக்கக் கோபால்ட்டால் சிகிச்சை தருவது) வைத்திருக்கும் மையங்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கோபால்ட்-60இன் அரைவாழ்வு 5.27 ஆண்டு. அதன் கதிர்வீச்சு மாதத்துக்குச் சுமார் 1.1 சதவீதம் குறையும். ஜூலை 3ஆம் தேதியை 03/07 என்று தட்டும்போது கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் அது மார்ச் 7 ஆகிவிடும். 118 நாள் வித்தியாசம், அவுட்புட்டில் 4.2 சதவீதப் பிழை. 13ஆம் தேதியிலிருந்து இப்படி நடக்காது, ஏனென்றால் 13ஆவது மாதம் கிடையாது. மாதத்தின் முதல் 12 நாட்களில் மட்டும் வந்து போகும் பிழை என்பதால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். தேதி, மாதம், ஆண்டு மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை.

மூன்றாவது, காற்றழுத்தம். சர்வதேச அணுசக்தி முகமையின் டிஆர்எஸ்-398 அளவீட்டு முறையில் சேம்பர் ரீடிங்கை 20 டிகிரி செல்சியஸ், 101.325 கிலோபாஸ்கலுக்குத் திருத்துகிறோம். வெப்பநிலையில் 1 டிகிரி தவறினால் 0.34 சதவீதம், அழுத்தத்தில் 1 கிலோபாஸ்கல் தவறினால் 1 சதவீதம். அறையில் பாரோமீட்டர் பழுதாகி, யாராவது கைப்பேசியில் வானிலை பார்த்து அழுத்தத்தை எழுதினால் என்ன ஆகும்? வானிலைச் செயலிகள் காட்டுவது பொதுவாகக் கடல்மட்டத்துக்கு மாற்றப்பட்ட அழுத்தம். சென்னையில் வித்தியாசம் தெரியாது. கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே உண்மையான அழுத்தம் 96 முதல் 97 கிலோபாஸ்கல். கடல்மட்ட எண்ணைப் போட்டால் திருத்தக் காரணி 4.5 முதல் 5 சதவீதம் குறைவாக வரும். அவுட்புட் குறைந்துவிட்டது என்று நினைத்து எந்திரத்தை ஏற்றினால் அத்தனை நோயாளிகளுக்கும் அந்த அளவு கூடுதல் டோஸ். அழுத்தக் கட்டத்தில் உங்கள் ஊருக்கு நியாயமான எல்லையை வைத்து, அதற்கு வெளியே உள்ள எண்ணை ஏற்காதபடி செய்வது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாத கோப்புகளே அதிகம்.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. போன மாதக் கோப்பைப் பிரதியெடுத்துத் தொடங்கும்போது ஒரு பழைய ரீடிங் அழியாமல் தங்கிவிடும். சேம்பர் மறு அளவீடு முடிந்து வந்த பிறகு புதிய காரணி ஒரு கோப்பில் மட்டும் மாறி, எலக்ட்ரான் கோப்பில் பழையதாகவே இருக்கும். யார் எப்போது மாற்றினார் என்பதற்குத் தடயம் இருக்காது.

இத்தனைக்குப் பிறகும் எக்செல்லைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. வேறு மென்பொருள் கொடுக்கும் டிஆர்எஸ்-398 கணக்கைத் தனியாகச் சரிபார்க்கும் இரண்டாவது கணக்காக, பூட்டிய கட்டங்களோடு அது இருக்கட்டும். நெடுங்காலப் பதிவேடாக அது இருக்கக் கூடாது.

எந்திரமே தன்னைச் சோதிக்கும் ஏற்பாடு

ட்ரூபீம் எந்திரத்தில் அதன் தயாரிப்பாளரான வேரியன் தரும் எம்பிசி என்னும் தானியங்கிச் சோதனை, கவுச்சில் (நோயாளி படுக்கும் மேசை) ஐசோகால் பாண்டத்தை (சோதனைக்கான பொருள்) மாட்டிவிட்டால் சில நிமிடங்களில் ஐசோசென்டர் (எந்திரம் சுழலும் மையப்புள்ளி) அளவு, கேவி, எம்வி (குறைந்த, உயர்ந்த ஆற்றல்) இமேஜர் விலகல், லீஃப், ஜா (கற்றையின் ஓரங்களை அடைக்கும் கட்டை), கேன்ட்ரி, கவுச், பீம் அவுட்புட் மாற்றம் எல்லாவற்றையும் பார்த்துவிடும். ஐசோசென்டருக்கு 0.5 மிமீ, அவுட்புட் மாற்றத்துக்கு 2 சதவீதம் என்று வரம்புகள் வைத்திருக்கிறது. வேரியனின் இன்னொரு எந்திரமான ஹால்சியனில் காலையில் இதை முடிக்காமல் சிகிச்சை தொடங்க முடியாது.

வேகமும் ஒரே மாதிரியான அளவீடும் இதன் பலம். பலவீனம் என்னவென்றால், அளக்கும் கருவியும் அளக்கப்படும் எந்திரமும் ஒன்றே. இபிஐடியின் பதிலளிப்பு மெல்ல நகர்ந்தால் அது அவுட்புட் மாற்றமாகத் தெரியும். இபிஐடி ஒரு பக்கமும் பீம் மறுபக்கமும் நகர்ந்தால் எதுவும் தெரியாமலே போகலாம். எனவே எம்பிசியைத் தினசரி எச்சரிக்கையாக வைத்துக்கொண்டு, சேம்பரால் எடுக்கும் மாத அவுட்புட்டை அதே வரைபடத்தில் பக்கத்திலேயே போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளும் பிரியத் தொடங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இமேஜரை.

எந்திரம் தானே எழுதிவைக்கும் லாக் கோப்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ட்ரூபீமின் டிராஜெக்டரி லாக் 20 மில்லிநொடிக்கு ஒருமுறை லீஃப் நிலையை எழுதுகிறது. ஆனால் அது எழுதுவது லீஃபின் மோட்டார் சொல்லும் நிலை. மோட்டாரையும் லீஃபையும் இணைக்கும் டி-நட் தேய்ந்துவிட்டால் மோட்டார் சரியான இடத்தில் இருப்பதாகவே லாக் சொல்லும், லீஃப் பின்தங்கி நிற்கும். பிக்கெட் ஃபென்ஸ் படத்தில்தான் அது தெரியும்.

பைலினாக்: அளக்க மட்டும்

ஜேம்ஸ் கெர்ன்ஸ் தொடங்கிய பைலினாக் ஒரு பைதான் நூலகம். எம்ஐடி உரிமத்தில் இலவசம். வின்ஸ்டன்-லட்ஸ் (சிறு உலோகக் குண்டைப் படமெடுத்து ஐசோசென்டரைப் பார்ப்பது), பிக்கெட் ஃபென்ஸ், ஸ்டார்ஷாட் (சுழற்சி மையத்தைப் பார்ப்பது), வீமேட் (கேன்ட்ரி சுழன்றுகொண்டே தரும் சிகிச்சை) சோதனைகள், கேட்ஃபான் 503, 504, 600, 604, லீட்ஸ், லாஸ் வேகாஸ் போன்ற இமேஜ் பாண்டங்கள், லாக் கோப்பு ஆய்வு, டிஜி-51 (அமெரிக்க அளவீட்டு முறை), டிஆர்எஸ்-398 கணக்குகள் எல்லாம் அதில் உண்டு. மூலநிரல் திறந்திருப்பதால் ஓர் எண் எப்படி வந்தது என்பதை வரி வரியாகப் பார்க்கலாம். விலைக்கு வாங்கும் பல தொகுப்புகளில் இந்த வசதி கிடையாது.

பிழை வரும் இடங்களும் தெளிவானவை. பிக்கெட் ஃபென்ஸில் எம்எல்சி வகையைச் சரியாகச் சொல்ல வேண்டும். வேரியனின் மில்லேனியம் 120இல் நடுவில் உள்ள 40 ஜோடிகள் 5 மிமீ, ஓரத்து 20 ஜோடிகள் 10 மிமீ. எச்டி 120இல் நடுவில் 32 ஜோடிகள் 2.5 மிமீ, ஓரத்தில் 28 ஜோடிகள் 5 மிமீ. எலெக்டா நிறுவனத்தின் அஜிலிட்டியில் 80 ஜோடிகளும் 5 மிமீ. வகையை மாற்றிக் கொடுத்தால் லீஃப் எல்லைகள் தவறி, எந்தக் கோளாறும் இல்லாத லீஃபைச் சுட்டிக்காட்டும், கோளாறு உள்ளது தப்பிவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பைலினாக் இயல்பாக ஒவ்வொரு பிக்கெட்டுக்கும் ஒரு கோடு பொருத்தி, அதிலிருந்து ஒவ்வொரு லீஃப் ஜோடியும் எவ்வளவு விலகியது என்றே அளக்கிறது. ஒரு முழு பேங்கும் (ஒரு பக்கத்து லீஃப் வரிசை) 1 மிமீ நகர்ந்துவிட்டால் பிக்கெட்டும் சேர்ந்தே நகரும், விலகல் சுழியாகத் தெரியும். லீஃப்களைத் தனித்தனியாக ஆராயும் தேர்வை, நிர்ணயித்த இடைவெளியோடு போட்டால்தான் இடைவெளி அகன்றது தெரியும். அதோடு ஜா அல்லது கோலிமேட்டர் (ஜாவும் எம்எல்சியும் உள்ள சுழலும் தலைப்பகுதி) மையத்தோடு ஒப்பிடும் வேறொரு சோதனையும் வேண்டும். பச்சை அறிக்கை வந்துவிட்டது என்று இதை விட்டுவிடக் கூடாது.

வின்ஸ்டன்-லட்ஸில் படத்தின் டைகாம் (மருத்துவப் படங்களின் கோப்பு வடிவம்) தகவலிலிருந்து கேன்ட்ரி, கோலிமேட்டர், கவுச் கோணங்களை பைலினாக் தானே எடுத்துக்கொள்ளும். எலெக்டா படங்களில் இந்தக் கோணங்கள் இல்லாமல் வருவது உண்டு. அப்போது கோணங்களைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, பெயரிலிருந்து படிக்கச் சொல்லலாம். பெயரை மாற்றுவது கைவேலை என்பதால் 90க்கும் 270க்கும் இடம் மாறிவிடாமல் இரண்டு பேர் பார்க்க வேண்டும். உலோகக் குண்டின் விட்டத்தையும் சரியாகக் கொடுக்க வேண்டும். இயல்பு மதிப்பு 5 மிமீ, உங்களிடம் இருப்பது 8 மிமீ குண்டானால் அது கண்டுபிடிக்காமலே போகலாம்.

அப்புறம் பதிப்பு. புதிய பதிப்பு வந்ததும் நிறுவிவிடக் கூடாது. பழைய படங்கள் இருபதை ஒரு கோப்புறையில் நிரந்தரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பதிப்பிலும் அவற்றை ஓட்டி எண்கள் மாறவில்லை என்று பார்த்த பிறகே மாற்ற வேண்டும். எந்தப் பதிப்பில் அளந்தது என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும்.

பைலினாக் பிடிஎஃப் அறிக்கை தரும். அதை வைத்துப் பதிவேடு முடிந்தது என்று நினைப்பது தவறு. 300 பிடிஎஃப்கள் ஒரு போக்கைக் காட்டாது.

க்யூஏட்ராக் பிளஸ்: பதிவுக்கு

கனடாவின் ஒட்டாவா மருத்துவமனைப் புற்றுநோய் மையத்தில் உருவான இது, உலாவியில் திறக்கும் வலைச் செயலி. இதுவும் எம்ஐடி உரிமம், இலவசம். ஒவ்வொரு எந்திரத்துக்கும் சோதனைப் பட்டியல், எத்தனை நாளுக்கு ஒருமுறை, யார் செய்ய வேண்டும் என்று அமைக்கலாம். தேதி நெருங்கினால் நிறம் மாறும். ஒவ்வொரு எண்ணுக்கும் பேஸ்லைன் ஒன்றும் எச்சரிக்கை, நடவடிக்கை என்று இரண்டு நிலை வரம்புகளும் உண்டு. தட்டிய எண்ணை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தரும்வரை அது 'பரிசீலனை செய்யப்படாதது' என்றே நிற்கும். கணக்கிட வேண்டிய மதிப்புகளைச் சிறு பைதான் நிரலாக எழுதலாம். கோப்பை ஏற்றும் வகைச் சோதனையில் பைலினாக்கை அழைத்து, படத்தைப் போட்டதும் எண்கள் தானாகவே பதிவாகும்படி செய்யலாம். அளத்தலும் பதிவும் இங்கே ஒன்றுசேர்கின்றன.

நாங்கள் மிகவும் மதிப்பது அதன் சர்வீஸ் பதிவை. மேக்னட்ரான் மாற்றினார்கள், எம்எல்சி மோட்டார் மாற்றினார்கள் என்று எழுதும்போதே, எந்திரத்தைச் சிகிச்சைக்குத் திரும்பவிட எந்தெந்தச் சோதனைகள் முடிய வேண்டும் என்று இணைத்துவிடலாம். சர்வீஸ் இன்ஜினீயர் மாலை 6 மணிக்குக் கிளம்பிய பிறகு "அவுட்புட் பார்த்தோமா?" என்று மறுநாள் காலையில் தேடும் நிலை இருக்காது.

விலை இல்லை என்பதால் செலவில்லை என்று பொருளல்ல. உபுண்டு அல்லது விண்டோஸ் சர்வர் ஒன்றில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு நிறுவ வேண்டும். ஒரு நடுத்தரக் கணினி போதும், ஆனால் அதைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். தரவுத்தளத்தின் இரவு நகல், ஏற்றிய கோப்புகள் இருக்கும் கோப்புறை, உள்ளமைவுக் கோப்பு இம்மூன்றையும் சேர்த்துக் காப்பெடுக்க வேண்டும். தரவுத்தளத்தை மட்டும் காப்பெடுத்தால் படங்களெல்லாம் போய்விடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தக் காப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்க்க வேண்டும். மருத்துவமனை உள்வலையில் மட்டும் ஓடட்டும், இணையத்துக்குத் திறந்துவிடத் தேவையில்லை.

நிறுவிய ஓர் இயற்பியலாளர் வேறு ஊருக்கு மாறிப் போன பின் யாருக்கும் கடவுச்சொல் தெரியாமல் நின்றுபோவதுதான் இதன் பெரிய ஆபத்து. எனவே நிறுவும் படிகளைத் தாளில் எழுதி, இரண்டாவது ஒருவர் அதைப் பார்த்து முதலிலிருந்து நிறுவிக் காட்டிய பிறகே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.

விலைக்கு வாங்கும் தொகுப்புகள்

சன் நியூக்ளியரின் எஸ்என்சி மெஷின், டோஸ்லேப், ஆர்ஐடி, ஐபிஏவின் மைக்யூஏ, பிடிடபிள்யூவின் டிராக்-இட், இமேஜ் அவுலின் டோட்டல்க்யூஏ, ரேட்ஃபார்மேஷனின் ரேட்மெஷின் ஆகியவை இந்த வகை. சில அளத்தலில் வலுவானவை, சில பதிவில். விலைப்பட்டியல் கேட்கும் முன் எது எந்த வகை என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள். ஒரே நிறுவனத்தின் தினசரிச் சோதனைக் கருவி ஏற்கெனவே உங்களிடம் இருந்தால், அதன் எண்கள் தானாக வந்து விழும் வசதி உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்தும். பழுதானால் கூப்பிட ஓர் எண் இருக்கும். மூன்று நான்கு லினாக்குகள், இரண்டு கிளைகள் உள்ள குழுமத்துக்கு இது நியாயமான செலவு.

டெண்டரில் எழுத வேண்டியவை வேறு. உரிமம் காலாவதியானால் பழைய பதிவுகளைப் படிக்கவாவது முடியுமா? எல்லா எண்களையும் சிஎஸ்வி கோப்பாக மொத்தமாக வெளியே எடுக்க முடியுமா? உரிமம் ஒரு கணினிக்கா, எத்தனை பேர் ஒரே நேரத்தில் திறக்கலாம்? லினாக்கின் மென்பொருள் மேம்படுத்தப்பட்டால் இதையும் இலவசமாக மேம்படுத்துவார்களா? வாரண்டி முடிந்த பின் ஐந்து ஆண்டு ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) தொகை இன்றே எழுதித் தரப்படுமா? முதல் இரண்டு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வராத மென்பொருளை, எவ்வளவு நல்ல படம் காட்டினாலும், வாங்க வேண்டாம். இந்தியாவின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பி ஆய்வுக்கு வரும்போது கேட்பது பதிவுகளை. அவை உரிமம் முடிந்த ஒரு மென்பொருளுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது.

கோபால்ட் எந்திரமும் சேர்த்து வைத்திருக்கும் மையங்கள், அதற்கான பக்கத்தை டெமோவில் திறந்துகாட்டச் சொல்ல வேண்டும். லினாக்குக்காகவே எழுதப்பட்ட தொகுப்பில் சிதைவுக் கணக்கும் டைமர் பிழையும் இல்லாமல் இருக்கலாம். க்யூஏட்ராக் பிளஸ்ஸில் அதை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும், பிழையை வேண்டுமென்றே கொடுத்துப் பாருங்கள்

எந்த மென்பொருளும் முதல் நாள் பச்சை காட்டும். சிவப்பு காட்ட வேண்டிய இடத்தில் காட்டுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். எம்எல்சி கோப்பில் ஒரு லீஃபை 0.5 மிமீ, இன்னொன்றை 1 மிமீ நகர்த்தி பிக்கெட் ஃபென்ஸ் எடுங்கள். சரியான லீஃப் எண்ணையும் பேங்கையும் சொல்ல வேண்டும். வின்ஸ்டன்-லட்ஸ் குண்டைக் கவுச் வழியாக இடப்பக்கம் 1 மிமீ நகர்த்துங்கள். அளவோடு திசையும் சரியாக வர வேண்டும், ஏனெனில் ஐஇசி 61217 என்னும் சர்வதேச அளவுகோலுக்கும் பழைய வேரியன் அளவுகோலுக்கும் இடையே குறிகள் மாறுபடும். வெப்பநிலை 25 டிகிரி, அழுத்தம் 100.0 கிலோபாஸ்கல் என்று போட்டால் திருத்தக் காரணி 1.0305 வர வேண்டும். அவுட்புட் 2.1 சதவீதம் என்று தட்டி நடவடிக்கை நிலை எரிகிறதா என்று பாருங்கள், சரியாக 2.0 என்றும் தட்டிப் பாருங்கள்.

கற்றையின் சமச்சீர், தட்டைத்தன்மை எண்கள் மென்பொருள் மாறும்போது மாறும். அதற்குப் பழுது காரணமாக இருக்க வேண்டியதில்லை. வேரியன் வழக்கில் தட்டைத்தன்மை என்பது புலத்தின் நடு 80 சதவீதத்தில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பது. எலெக்டா வழக்கில் உச்சத்தைத் தாழ்வால் வகுப்பது. ஒரே பீமுக்கு ஒன்று 3 சதவீதம் என்று சொன்னால் மற்றது 106 என்று சொல்லும். இரண்டு வரையறைகளின் எண்களை ஒரே வரைபடத்தில் கலந்தால் இல்லாத ஒரு தாவல் தெரியும்.

பேஸ்லைனை யார் மாற்றலாம் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள். ஒரே சொடுக்கில் இன்றைய அளவை பேஸ்லைன் ஆக்கும் பொத்தான் பல மென்பொருள்களில் இருக்கிறது. மாதாமாதம் 1 சதவீதம் ஏறி, மாதாமாதம் பேஸ்லைனும் மாறினால் 2 சதவீத வரம்பு என்றைக்கும் எரியாது. அந்த அனுமதி தலைமை இயற்பியலாளரிடம் மட்டும் இருக்கட்டும், காரணம் எழுதாமல் மாற்ற முடியாதபடி இருக்கட்டும்.

எங்கள் தேர்வு

ஒரு லினாக், இரண்டு இயற்பியலாளர்கள், அவர்களில் ஒருவருக்காவது பைதான் ஓரளவு தெரியும் என்றால் க்யூஏட்ராக் பிளஸ்ஸும் பைலினாக்கும் சேர்ந்தே போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல பாரோமீட்டரும் வின்ஸ்டன்-லட்ஸ் பாண்டமும் வாங்கலாம். மருத்துவமனையின் ஐடி பிரிவு சர்வர் தர மறுத்தால், அல்லது பைதான் தொட யாருமில்லை என்றால், பதிவு வசதியுள்ள வணிகத் தொகுப்பு ஒன்றை வாங்குவதே பாதுகாப்பு. ஆள் இல்லாத இலவச மென்பொருள் ஆறு மாதத்தில் கைவிடப்படும். எலெக்டாவும் வேரியனும் கலந்த மையம் என்றால் எந்திர உற்பத்தியாளரின் சொந்தக் கருவியை மட்டும் நம்பக் கூடாது. இரண்டு எந்திரத்தையும் ஒரே வரையறையில் அளக்கும் பொது மென்பொருள் வேண்டும். கோபால்ட் மட்டும் உள்ள மையத்துக்குப் படம் ஆராயும் தொகுப்பு தேவையே இல்லை. பதிவு மென்பொருளும் சரியான தேதிக் கட்டமும் போதும்.

மாறும்போது மூன்று மாதம் பழையதும் புதியதும் இணையாக ஓடட்டும். அந்த மூன்று மாத எண்களிலிருந்தே புதிய பேஸ்லைன்களை வையுங்கள். பழைய எக்செல் கோப்புகளைப் படிக்க மட்டும் முடியும் நிலைக்கு மாற்றி, ஒரு நகலைப் பிடிஎஃப் ஆகவும் சேமித்து, கமிஷனிங் (எந்திரத்தை முதலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது எடுத்த) தரவு இருக்கும் அதே இடத்தில் வைத்துவிடுங்கள்.